கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கொக்கி

உங்கள் அலுவலக லிஃப்ட் நன்றாக இருக்கிறது மேடம். நாலு மாடி ஏறி வருவதற்குள் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு முனகல் இல்லை. என்னைக் கூட்டி வந்த காவலர்கள் இரண்டு பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள், பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கதவு திறந்தால் உள்ளே பெட்டி இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உங்களுக்கு யார் கொடுத்தது தெரியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். நல்ல பையன்கள், வழியில் டீகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் சரி என்றது பெரிய மனசு. உங்கள் எழுத்தரைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'மேற்படி பெண்மணி மேற்படி லிஃப்ட் குழிக்குள் மேற்படி நபரின் முன்னிலையில்' என்று ஒரே மூச்சில் மூன்று மேற்படி போட்டுவிட்டார். அதன் அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படி? நாலு வரியில் ஒரு வாழ்க்கையை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் சட்டைப் பையில் நீங்கள் எடுத்த காகிதத்தைப் பற்றியும் சொல்கிறேன். அது கடைசியில்தான் வரும், அவசரப்படாதீர்கள்.

இயந்திர அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஒரு பலகை இருக்கும் இல்லையா, நீங்கள் எல்லாரும் படிக்காமல் தாண்டிப் போவீர்களே, அதை எழுதுகிறவன் நான்தான். எங்கள் கட்டடம் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்தது. தரைத்தளத்தில் நீராவி எஞ்சின்கள், அங்கே எப்போதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல். அதற்கு மேல் அச்சு இயந்திரங்கள், நெசவு இயந்திரங்கள். மூன்றாம் மாடி மட்டும் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று மேலிடத்தில் என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறக்கப்பட்ட பெண் கண்டுபிடிப்பாளர்கள் என்ற யோசனை என்னுடையது. சரியாகச் சொன்னால், ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவி எதையோ படித்துவிட்டு அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். கார் கண்ணாடியில் மழைத் தண்ணீரைத் தள்ளுகிற கையை யோசித்தது ஒரு பெண்ணாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை ஒழுங்காக வேலை செய்யவைத்தது ஒரு பெண்ணாம். நிலாவுக்குப் போன கம்ப்யூட்டரின் நினைவகத்தைக் கம்பி கம்பியாகக் கோத்தது பெண்களாம். அவள் பாட்டுக்குப் பேசினாள். அதை ஒரு கண்காட்சியாகப் பார்த்தது நான்.

அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். பழைய காப்புரிமைப் பதிவுகளைத் தோண்டினாள், வெளிநாட்டு ஆட்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டாள், வந்ததை மொழிபெயர்த்தாள், தட்டச்சு செய்து என் மேஜையில் வைத்தாள். நான் அதைப் படித்து, அதில் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, நாலு வரியாக்கினேன். கண்காட்சிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'பொறுமை காத்த குடும்பத்தாருக்கு நன்றி' என்று போட்டிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. குடும்பத்தார் என்றால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

பலகைகளைப் பித்தளையில் செய்தோம். எல்லாப் பெண்களின் பலகையிலும் கடைசி வரி ஒன்றேதான்: 'யாரும் அறியாமல் மறைந்தார்.' ஒரே வரி என்றால் வேலை சுலபம் என்று செதுக்குகிறவர் சொன்னார். எனக்கோ அதில் வேறு ஒரு அழகு தெரிந்தது. ஹாலில் நடக்க நடக்க அந்த வரி திரும்பத் திரும்ப வரும், பாட்டில் பல்லவி வருகிற மாதிரி. கடைசிப் பலகைக்கு வரும்போது யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள்.

அந்தக் கடைசிப் பலகைதான் கொக்கி அம்மாவுடையது. பட்டறையில் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். லிஃப்ட் செய்கிற பட்டறையில் அவர் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த ஒருத்தி கதவைத் திறந்து காலை வைத்திருக்கிறாள், உள்ளே பெட்டி இல்லை. அந்தக் காலத்திலும் கதவுக்குப் பூட்டு உண்டு. ஆனால் அதன் ஸ்பிரிங் உடைந்தால் பூட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கொக்கி அம்மா யோசித்தது சின்ன விஷயம். கெட்டுப்போனால் திறந்துகொள்கிற பூட்டு எதற்கு, கெட்டுப்போனால் மூடிக்கொள்ளட்டுமே. ஸ்பிரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் எடையாலேயே விழுந்து கதவைப் பிடித்துக்கொள்கிற ஒரு இரும்புக் கொக்கி. பெட்டி அந்த மாடிக்கு வந்து நின்று அதைத் தூக்கிவிட்டால்தான் கதவு நகரும். முதலாளி அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டார்.

இது வரை என் மனைவி கண்டுபிடித்தது. அதற்கு மேல் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த அம்மா இறந்ததற்கு ஒரு ஆதாரமும் இல்லை, விசாரித்துப் பார்க்கலாமே என்றாள். உயிரோடு இருந்தால் இத்தனை வருஷம் சும்மாவா இருந்திருப்பார் என்று கேட்டேன். மறக்கப்பட்டவர்கள் இறந்திருப்பார்கள், இது என் தொழில் அனுபவம். மீதியை நானே எழுதினேன். ஒற்றை ஜன்னல் வைத்த வாடகை அறை. கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்த அரம். சாகிற அன்றுகூட அதை எடுத்துத் துடைத்தார் என்று எழுதினேன். அந்த அரத்தை எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது மேடம்.

திறப்பு விழாவுக்கு முன்னால் சில நாள் முன்னோட்டம் வைத்தோம். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அந்தப் பலகை முன்னால் வந்ததும் பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். ஒரு டாக்டரம்மா தன் கணவரின் தோளில் சாய்ந்து அழுதார். என் பலகையைப் படித்து அதுவரை ஒருத்தரும் அழுததில்லை. நீராவி எஞ்சினுக்கு என்ன எழுதினாலும் யார் அழுவார்கள்?

அதற்கு அடுத்த நாள் கொக்கி அம்மா வந்தார்.

விளையாட்டுக்குப் போடுகிற ஷூ போட்டிருந்தார். தானே கார் ஓட்டி வந்திருந்தார். பலகையை ஒரு தடவை சத்தம் போட்டுப் படித்தார், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாரம்மா நீங்கள் என்று கேட்டேன். பலகையைக் காட்டி, செத்துப்போனவ என்றார். என் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"எங்க மாப்பிள்ளை நேத்து இங்க வந்திருக்காரு தம்பி. மூச்சிரைக்க ஓடி வந்து, 'அத்தை, நீங்க செத்துட்டீங்களாம், பித்தளையில எழுதி வெச்சிருக்காங்க'ன்னாரு. அவர் மூஞ்சியில இருந்தது வருத்தமா சந்தோஷமான்னுதான் இன்னும் பிடிபடலை."

என்னைத் தம்பி என்றார். எனக்கு ஐம்பத்தைந்து வயது. முன்பின் தெரியாதவர்கள் என்னை சார் என்றுதான் சொல்வார்கள்.

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். முதலாளி கொக்கியைத் தன் பெயரில் பதிந்துகொண்டது உண்மைதானாம். ஆனால் இவர் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. பட்டறை நடுவில் நின்று நாறடித்திருக்கிறார். முதலாளி வேறு வழி இல்லாமல் ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஆளை விட்டால் போதும் என்றிருக்கிறார். அதை வைத்து இவர் சொந்தப் பட்டறை போட்டு, குழந்தைகள் திறக்க முடியாத மருந்து மூடி, சரிவில் தானாக நின்றுகொள்ளும் சக்கர நாற்காலி பிரேக் என்று இஷ்டத்துக்குச் செய்து தள்ளியிருக்கிறார். கொக்கி அவருக்கு முதல் பிள்ளை மாதிரியாம், அதற்கப்புறம் நிறையப் பெற்றுவிட்டாராம். பலகையில் ஒற்றை ஜன்னல் என்று எழுதியிருந்ததை நினைத்துக்கொண்டு, தன் வீட்டில் ஜன்னல் துடைத்துத் துடைத்தே இடுப்பு போய்விட்டது என்றார்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். முகத்தில் சிரிப்பும் வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் ஒரு நல்ல வழக்கை மாதக்கணக்கில் கட்டி முடித்திருக்கும்போது, செத்தவரே நேரில் வந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சந்தோஷப்பட வேண்டும்தான். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று குரலை இறக்கினார். இந்த ஒரு இடத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் ஒரு பெண், உங்களுக்கு இது சரியென்று படலாம்.

"நான் செத்தேன்னு எழுதினது போகட்டும் தம்பி. இங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க வருவாங்க. இந்த வரிசையை ஒவ்வொண்ணாப் படிச்சுட்டு எந்தப் பொண்ணு ஸ்குரூ டிரைவரைக் கையில எடுப்பா? எடுத்தா இப்படித்தான் ஒத்தை ரூம்ல கெடந்து சாகணும்னு நெனைச்சுக்க மாட்டாளா? நல்லா வாழ்ந்தான்னும் ஒரு பலகை இருக்கட்டுமே. மத்தவங்க எல்லாம் எப்படிச் செத்தாங்கன்னு விசாரிச்சீங்களா, இல்ல அதுவும் நீங்களேவா?"

விசாரித்தோம் என்றேன். வேறு என்ன சொல்ல?

போகும்போது எங்கள் லிஃப்டைப் பார்த்துவிட்டார். மூன்றாம் மாடியில், ஹாலுக்கு நேர் எதிரே இருக்கிறது அந்தச் சரக்கு லிஃப்ட். பக்கவாட்டில் தள்ளுகிற இரும்புக் கதவு, பெட்டிக்கென்று தனிக் கதவு கிடையாது. அட, நம்ம ஆளு என்றார். அவர்கள் பட்டறையில் செய்ததாம், ஒவ்வொரு மாடிக் கதவிலும் அவர் கையால் அரம் போட்ட கொக்கி இன்னும் உயிரோடு இருக்கிறதாம். பொத்தானை அழுத்திவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என்னோடு பேசிக்கொண்டே கையைப் பின்னால் விட்டுக் கதவைத் தள்ளினார், பார்க்காமலே ஒரு அடி பின்னால் வைத்து உள்ளே ஏறினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதுதான் அவருடைய வியாபார வித்தையாம். லிஃப்ட் வாங்க வருகிற ஆட்கள் முன்னால் இப்படிப் பின்பக்கமாக ஏறிக் காட்டுவாராம். கதவு திறந்தது என்றால் பெட்டி இருக்கிறது என்று அர்த்தம், திரும்பிப் பார்க்க என்ன அவசியம்? அன்றிலிருந்து இந்தக் கொக்கி இருக்கிற எந்த லிஃப்டிலும் அவர் திரும்பிப் பார்த்து ஏறியதில்லை. திறப்பு விழாவுக்கு முன்தினம் வருகிறேன், பலகையைச் சரி பண்ணி வையுங்கள், விழாவில் நானும் ரெண்டு வார்த்தை பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். உயிரோடு ஒருத்தர் கிடைத்தால் இதைவிட என்ன வேண்டும் என்றாள். ஒரு பலகையைத்தானே மாற்ற வேண்டும், ராத்திரியே எழுதித் தருகிறேன் என்றாள். அவளுக்குப் புரியவில்லை. ஒரு பலகை மாறினால் பல்லவி அறுந்துவிடும். அப்புறம் எவனாவது மற்ற பலகைகளையும் கிளறுவான். அரம் எங்கே கிடைத்தது, ஜன்னலை யார் எண்ணியது என்று கேட்பான். நான் சொன்னதும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் எழுதிக் குடுத்ததுல ஜன்னலே இல்லையே" என்றாள். வேண்டாம், பேச்சை விடு என்றேன். விட்டுவிட்டாள், நல்ல குணம் அவளுக்கு.

அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வைத்த கண்ணாடிப் பெட்டியில் அதுவரை மரத்தில் செய்த மாதிரிக் கொக்கிதான் இருந்தது. அசல் எங்கள் கதவிலேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகு மரத்தை வைத்து ஊரை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூன்றாம் மாடிக் கொக்கியைக் கழற்றச் சொன்னேன். அவர் முதலில் முடியாது என்றார். விழா முடிந்ததும் புதுப் பூட்டு வாங்கிப் போடலாம் என்று ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சார், இனிமே இது வெறும் கதவு என்றார். கதவின் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டி, 'திறக்காதீர்கள்' என்று ஒரு அட்டையும் தொங்கவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். நல்ல வேலைக்காரர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

கொக்கியைக் கழற்றச் சொன்னபோது மனசில் வேறு ஏதாவது இருந்ததா என்று நேற்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். இல்லை என்றே சொன்னேன். காட்சிப் பொருளாகத்தான் கழற்றினேன், அதை யாரும் மறுக்க முடியாது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். மற்ற மாடிகளிலும் அதே கொக்கிகள் இருந்தன. எதைக் கழற்றியிருந்தாலும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கலாம். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

விழாவுக்கு முன்தினம் மதியம், சாப்பிட்டு வந்து பார்த்தால் ஹால் வாசலில் அந்தச் சங்கிலி கண்ணை உறுத்தியது. புகைப்படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். பித்தளையும் கண்ணாடியுமாக இருக்கிற இடத்தில் ஒரு துருப்பிடித்த சங்கிலி நன்றாகவா இருக்கும்? கழற்றினேன், அட்டையையும் எடுத்தேன். என் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு மேடம். எதை எங்கிருந்து எடுத்தாலும் ஒரு சின்னச் சீட்டில் பொருள், இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி அதில் கட்டிவிடுவோம். கட்டாமல் விட்டால் எனக்குக் கை நமைக்கும். சங்கிலிக்கும் கட்டினேன். என் கையெழுத்தில், என் பெயர் போட்டு.

கொக்கி அம்மா சாயங்காலம் சொன்னபடி வந்தார். நல்ல வெயில் இருந்தது, ஹால் முழுக்க வெளிச்சம். கீழேயே போய் வரவேற்றேன். லிஃப்டில் சாமான்கள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், படியில் போகலாமா என்றேன். அதற்கென்ன என்று எனக்கு முன்னால் ஏறினார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஹாலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். விரலைக் கண்ணாடிமேல் வைத்து, உள்ளே கொக்கியில் இருந்த அரம் போட்ட கோடுகளின் மேலேயே மெதுவாக நகர்த்தினார். இது என் கைதான் தம்பி என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒரு பழைய மில்லை இடித்தார்கள், அங்கே கிடைத்தது என்றேன். தலையாட்டினார். அன்று லிஃப்ட் குழியில் விழுந்து செத்துப்போன தோழியின் பெயரைச் சொன்னார், பக்கத்து மேஜைக்காரியாம். அவ இருந்திருக்கணும் இதைப் பாக்க என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷம் என் பலகையில் இருந்த பெண்ணாகவே நின்றார் மேடம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். நான் எதையும் மாற்றவில்லை. செதுக்குகிறவருக்குக் காய்ச்சல் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவே இல்லை. கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பின்பக்கம் ஒட்டுகிற மாதிரி பசை வைத்தது.

"ஒரு வாரமா யோசிச்சேன். உங்க எழுத்து நல்லாத்தான் இருக்கு தம்பி, அதை ஏன் அழிக்கணும்? நானும் என்னைக்காவது ஒரு நாள் போகத்தானே போறேன். அதுவரைக்கும் இதைக் கடைசி வரி மேல ஒட்டி வைங்க. போனப்புறம் கிழிச்சுடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

வாங்கிப் படித்தேன். 'இவர் இன்னும் சாகவில்லை. கீழே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கேள்வி இருக்கும் பெண் பிள்ளைகள் வந்து கேட்கலாம்.' அவ்வளவுதான். பலகையை மாற்ற வேண்டியதில்லை, மற்றவற்றை யாரும் கிளறப்போவதில்லை, மேடையில் பேச வேண்டும் என்றுகூட அவர் திரும்பக் கேட்கவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கப்போவதில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அது நன்றாகவே புரிந்தது. பித்தளைமேல் காகிதமா என்றும் தோன்றியது.

அவர் சரி, கிளம்புறேன், இறங்கும்போது நம்ம ஆளுலயே போறேன் என்று லிஃப்டை நோக்கி நடந்தார். என் முகத்தைப் பார்த்தபடிதான், முதுகுப் பக்கமாகத்தான். நாளைக்கு எந்தப் புடவை கட்டுவது என்று பேசிக்கொண்டே போய்ப் பொத்தானை அழுத்தினார். மாப்பிள்ளையையும் கூட்டி வருகிறேன், நான் உயிரோடு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்கட்டும் என்று சிரித்தார். கையைப் பின்னால் விட்டுக் கதவைத் தள்ளினார். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும், திரும்பிப் பார்த்திருந்தால். பெட்டி இன்னும் தரைத்தளத்தில்தான் இருந்தது.

நில்லுங்கள் என்று சொல்ல நேரம் இருந்ததா என்பதுதானே உங்கள் கேள்வி. இருந்தது. புடவையைப் பற்றி முழுதாகச் சொல்லி முடிக்கிற அளவுக்கு இருந்தது. ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் காலைப் பின்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சங்கிலியை மெக்கானிக் மாட்ட மறந்திருக்கலாம் என்று நான் சொன்னேன், நீங்கள் அவரைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். விழாவைக் கொஞ்சம் தள்ளிவைத்தோம், வைத்ததும் நல்லதாகப் போயிற்று. செய்தி பரவியதில் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. காற்று வாங்கிக்கொண்டிருந்த மூன்றாம் மாடிக்குப் படியில் வரிசை. இத்தனை வருஷம் ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்காத கொக்கியை ஜனங்கள் மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். நான் எத்தனை பலகை எழுதினாலும் அந்த விஷயத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

என் மேஜை இழுப்பறையைத் திறந்து சங்கிலியை எடுத்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது என் மனைவி என்று தெரியும். மெக்கானிக்கின் வீட்டுக்காரம்மா எங்கள் வாசலில் வந்து அழுதிருக்கிறார், அது அவளுக்குப் பொறுக்கவில்லை. கோபம் இல்லை. எதையும் தேடிக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, நான்தான் எப்போதும் சொல்வேனே. ஒரே ஒரு வேண்டுகோள். குற்றப்பத்திரிகையில் அவள் பெயர் வர வேண்டாம். 'நம்பத்தகுந்த தகவலின்பேரில்' என்று போட்டால் போதும். பெயர் வருவதெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. கேட்டதில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

பெண்களுக்காக இந்த ஊரில் என்னளவுக்கு யார் செய்திருக்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். அந்த ஹாலில் இருக்கிற ஒருத்தரையும் நான் மறந்ததில்லை, கொக்கி அம்மாவை நிச்சயமாக மறக்க மாட்டேன்.

கடைசியாக அந்தக் காகிதம். அதை நான் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. சீட்டுக் கட்டத்தான் நேரம் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் கீழே ஆட்கள் ஓடிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு பலகையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கடைசி வரியை ஒரு தடவை படித்தேன். அப்புறம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.